மனைத் தரகர்களுக்கான கையேட்டை நூலாக வெளியிடுவது எப்படி?

செங்கல்பட்டு வட்டாரத்தில் பல ஆண்டுகளாக மனை, வீடு விற்பனையில் இடைநின்று தொழில் செய்யும் ஒருவர், இத்தொழிலுக்குப் புதிதாக வருவோருக்கென ஒரு கையேடு எழுதி முடித்திருக்கிறார். அச்சில் அது 240 பக்கம் வரும் என்கிறார். பதிப்பகத்தை நாடுவதா, சொந்தச் செலவில் வெளியிடுவதா, பணம் கட்டினால் நூலாக்கித் தருவதாகச் சொல்லும் நிறுவனத்திடம் கொடுப்பதா என்பது அவருடைய கேள்வி. தொழிற்கையேடுகளைச் செப்பனிடும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், அவர் கேட்டதற்கும் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

யார் வெளியிடுவது என்பது இரண்டாவது கேள்வி. இந்த வகை நூல் எத்தனை நாளைக்குச் செல்லுபடியாகும் என்பதே முதல் கேள்வி. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இப்படியொரு கையேடு வந்திருந்தால் அதன் கதி என்னவாகியிருக்கும் என்று பாருங்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மறு ஆண்டு, அத்தகைய மனைகளை முறைப்படுத்த, 2016 அக்டோபர் 20ஐ வரையறை நாளாகக் கொண்ட வரன்முறை விதிகள் வந்தன. 2017 மே மாதம், ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே, பதிவுக்கென அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டு, பதிவுக் கட்டணம் ஒன்றிலிருந்து நான்கு விழுக்காடாக உயர்ந்தது. 2019இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு பழைய நிலைக்குத் திரும்பிக் கட்டணம் இரண்டு விழுக்காடானது. 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிவாகும் பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்கு ஒரு விழுக்காடு சலுகை கிடைத்தது. நாவலுக்கோ கவிதைத் தொகுப்புக்கோ இந்தக் கவலை கிடையாது. தரகர் தம் வாடிக்கையாளரிடம் பிரித்துக் காட்டும் கையேட்டில் கட்டண விகிதம் தவறாக இருந்தால் நூலோடு அவருடைய பெயரும் கெடும். ஆகவே நூலின் அமைப்பு, ஒப்பந்தம், அச்சிடும் படிகளின் எண்ணிக்கை ஆகிய எல்லாவற்றையும் இரண்டாம் பதிப்பை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

முதல் வேலையாக, எழுதியதை மாறக்கூடியது, மாறாதது என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பட்டாவில் "0.12.50" என்று பரப்பு போட்டிருக்கும்; ஹெக்டேர், ஏர், அதற்கடுத்த பின்னம் என்று அதைப் படிக்க வேண்டும். பன்னிரண்டரை ஏர் என்றால் 1,250 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 13,455 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி; அதனால் வகுத்தால் 30.89 சென்ட் வரும். பத்திரத்தில் 31 சென்ட் என்றும், விற்பவர் வாய்ச்சொல்லில் "முப்பத்திரண்டுக்குக் குறையாது" என்றும் இருக்கும்போது, புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் இந்தக் கணக்கை அந்த இடத்திலேயே போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். புலப்பட வரைபடத்தில் உள்ள அளவுகளைத் தரையில் எப்படிச் சரிபார்ப்பது என்பதையும் இதோடு சேர்த்தால், அந்த அத்தியாயம் இருபது ஆண்டு கழித்தும் பயன்படும். முத்திரைத் தீர்வை விகிதம், ரெரா பதிவுக் கட்டணம், இணையதளத்தில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பவையெல்லாம் மறு வகை. இவற்றை அத்தியாயங்களுக்கு நடுவே தூவாமல் பின்னிணைப்பில் ஓரிடத்தில் திரட்டி, தலைப்பிலேயே எந்த நாள் நிலவரம் என்று தேதி போட்டுவிட வேண்டும்.

இதில் அச்சகம் சார்ந்த ஓர் ஆதாயமும் இருக்கிறது. டெமி அளவு நூல் பெரும்பாலும் பதினாறு பக்கப் பாரங்களாக அச்சாகிறது. 240 பக்கம் என்றால் பதினைந்து பாரம். மாறக்கூடிய செய்திகள் முழுவதையும் கடைசிப் பாரத்துக்குள் அடக்கிவிட்டால், மறு அச்சின்போது பதிப்புப் பக்கம் உள்ள முதல் பாரத்தையும் இந்தக் கடைசிப் பாரத்தையும் மட்டும் திருத்தினால் போதும். நடுவிலுள்ள பதின்மூன்றும் அப்படியே நிற்கும். உள்ளே குறிப்பு தரும்போதும் "பக்கம் 187 காண்க" என்று எழுதாமல் "பின்னிணைப்பு 3 காண்க" என்று எழுதுங்கள். பக்க எண் நகர்ந்தாலும் குறிப்பு பிசகாது.

அடுத்தது, நூல் யாருக்கு என்பது. தரகர்களுக்கு என்று சொல்லிக்கொண்டு எழுதத் தொடங்கி, மூன்றாவது அத்தியாயத்திலேயே வீடு வாங்குவோருக்கு அறிவுரை சொல்லப் போய்விடுவது இவ்வகைக் கையெழுத்துப் படிகளில் அடிக்கடி காணும் குறை. "சொத்து வாங்கும் முன் வில்லங்கச் சான்று பாருங்கள்" என்பது வாங்குவோருக்கான வரி. அது நாளிதழ் இணைப்பிலேயே கிடைக்கும். தொழில் செய்பவருக்குத் தேவைப்படுவது, வில்லங்கச் சான்றில் எது வராது என்பது. அசையாச் சொத்து ஆவணங்கள் பதிவகத்தில் 1ஆம் புத்தகத்தில் ஏறுகின்றன. ஒரு சொத்தின் மீது பதிவான பரிமாற்றங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று அதிலிருந்து தரப்படுகிறது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. பதிவு செய்திருந்தாலும் அது 3ஆம் புத்தகத்தில் ஏறுவதால் சான்றில் தென்படாது. வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினையும் வராது, நிலுவையிலுள்ள வழக்கும் வராமல் போகலாம். அப்படியானால் தரகர் யாரை, என்ன கேள்வி கேட்டு இவற்றை வெளிக்கொண்டுவர வேண்டும்? வாரிசுகளில் யார் ஊரில் இல்லை, யாருடைய கையெழுத்து எந்தப் பத்திரத்தில் விடுபட்டிருக்கிறது, வரி ரசீது யார் பெயரில் வருகிறது என்று நீங்கள் களத்தில் கேட்டுப் பழகிய கேள்விகளை அதே வரிசையில் எழுதினால், அந்த நான்கு பக்கத்துக்காகவே நூல் விற்கும். அனுபவம் உள்ளவர்கள் இவற்றைத் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டு, சட்டப் பிரிவுகளைப் பக்கம் பக்கமாக எடுத்தெழுதுகிறார்கள்.

சட்டம் பற்றிய வாக்கியங்களை இன்னும் கவனமாக நிறுக்க வேண்டும். "தரகர்கள் அனைவரும் ரெராவில் பதிவு செய்ய வேண்டும்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். சட்டத்தின் 9ஆம் பிரிவு, பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் மேம்பாட்டாளர் விற்கும் மனை, அடுக்ககம், கட்டடம் ஆகியவற்றின் விற்பனைக்குத் துணைநிற்கும் முகவரைப் பற்றிப் பேசுகிறது. ஒருவர் பல ஆண்டுகள் குடியிருந்த தம் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்கும்போது இடையில் நிற்பவரை அப்பிரிவின் வாசகம் குறிப்பிடவில்லை. பொத்தாம்பொதுவாக எழுதினால், பதிவு தேவைப்படாத ஒருவரை வீணாக அலைய விடுவீர்கள். மறுபுறம், பதிவில்லாமல் புதிய மனைப்பிரிவுகளை விற்றுத் தருபவருக்கு 62ஆம் பிரிவின்படி நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் ஐந்து விழுக்காடு வரை தண்டம் விதிக்க இடமிருக்கிறது என்பதையும் விட்டுவிடக் கூடாது. எந்தச் சூழலில், யாருக்கு, எந்தப் பிரிவின்படி என்ற மூன்றும் இல்லாத சட்ட வாக்கியத்தை நூலில் அனுமதிக்காதீர்கள்.

சட்டத்தை எவ்வளவு எடுத்தெழுதலாம் என்ற ஐயமும் இதோடு வரும். பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு இதற்கு வழி விடுகிறது. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை, அதற்கான விளக்கவுரையோ பிற சொந்த எழுத்தோ சேர்த்து வெளியிடுவது உரிமை மீறலாகாது. தமிழில் மொழிபெயர்த்துத் தருவதற்கும் இடமுண்டு; அரசின் மொழிபெயர்ப்பு வெளிவந்திருக்கக் கூடாது, அல்லது வந்திருந்தாலும் பொதுமக்களுக்கு விற்பனையில் இருக்கக் கூடாது. அத்துடன், இம்மொழிபெயர்ப்பு அரசால் அங்கீகரிக்கப்பட்டதோ நம்பத்தக்கதென ஏற்கப்பட்டதோ அன்று என்று எடுப்பான இடத்தில் அச்சிட வேண்டும். இந்த ஒற்றை வரியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தீர்ப்புகளின் மூல வாசகத்தை எடுத்தாளலாம். ஆனால் சட்ட இதழ்கள் தீர்ப்பின் தலையில் எழுதிச் சேர்க்கும் சுருக்கக் குறிப்பு அந்த இதழின் உழைப்பு. ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை எடுத்துக் காட்டியிருக்கிறது. ஆகவே தீர்ப்பைப் படித்து உங்கள் சொல்லில் சுருக்குங்கள்.

மாதிரி ஆவணங்கள் இல்லாத கையேட்டைத் தொழிலில் உள்ளவர்கள் வாங்க மாட்டார்கள். ஆனால் வழக்குக்கு வழி வகுப்பவையும் அவையே. உங்கள் கோப்பிலுள்ள கிரயப் பத்திரத்தை ஒளிநகல் எடுத்துப் பெயரின் மேல் மட்டும் கறுப்பு மை பூசினால் போதாது. ஆதார் எண், பத்திர எண், புல எண், நான்கெல்லை விவரம், கையெழுத்து, கைரேகை, பட்டாவிலுள்ள சரிபார்ப்புக் குறியீடு ஆகிய ஒவ்வொன்றும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினாலே மொத்த விவரமும் திறந்துவிடும். எனவே கற்பனைப் பெயர்களோடு புதிதாகத் தட்டச்சு செய்த மாதிரியே நல்லது. ஏமாற்றிய மேம்பாட்டாளர், இழுத்தடித்த அலுவலர் என்று நடந்த நிகழ்ச்சிகளை எழுதும்போதும், ஊரையும் ஆண்டையும் கூட மாற்றிவிடுவது விவேகம்.

எழுதி முடித்ததை மூன்று பேர் படிக்க வேண்டும்: சொத்து வழக்குகளை நடத்தும் உரிமையியல் வழக்கறிஞர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற சார்பதிவாளர் அல்லது நில அளவையர் ஒருவர், தொழிலுக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத இளைஞர் ஒருவர். முதலிருவர் பிழையைக் காட்டுவார்கள். உங்களுக்குப் பழகிப்போனதால் விளக்காமல் விட்டது எது என்பது மூன்றாமவரிடமிருந்துதான் தெரியவரும். அவர் எந்தப் பக்கத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கிறாரோ அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதுங்கள். வழக்கறிஞருக்கு உரிய கட்டணம் கொடுத்துவிடுவதே முறை. நட்புக்காகப் படிப்பவர் மேலோட்டமாகத்தான் படிப்பார்.

இனி வெளியீட்டுக்கு வருவோம். தமிழில் துறை சார்ந்த நூல்களை வெளியிடும் பதிப்பகங்கள் உள்ளன. கிழக்கு, விகடன் பிரசுரம் போன்றவை பணம், தொழில், சட்டம் பற்றிய நூல்களைத் தொடர்ந்து கொண்டுவந்திருக்கின்றன. இத்தகைய இடங்களுக்கு 240 பக்கத்தையும் அப்படியே அனுப்ப வேண்டாம். இரண்டு பக்கத்தில் நூலின் சுருக்கம், பொருளடக்கம், இரண்டு மாதிரி அத்தியாயங்கள், உங்களைப் பற்றிய அரைப் பக்கம் ஆகியவை போதும். மாதிரியாக முன்னுரையை அனுப்புகிறவர்கள் உண்டு. அதிலிருந்து ஆசிரியர் குழுவுக்கு எதுவும் தெரியாது. மேலே சொன்ன வில்லங்கச் சான்று அத்தியாயம் போன்ற, வேறெவரும் எழுத முடியாத பகுதியை அனுப்புங்கள். அரைப் பக்க அறிமுகத்தில் உங்கள் ரெரா முகவர் பதிவு, நடத்தும் பயிற்சி வகுப்புகள், சார்ந்திருக்கும் தொழிற்சங்கம் ஆகியவை இடம்பெற வேண்டும். இந்த நூலை வாங்கக்கூடியவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்பது பதிப்பாளரைவிட உங்களுக்கே நன்கு தெரியும். அதை எழுதிவிட்டால் பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

பதிப்பகம் ஏற்றுக்கொண்டால் கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படியுங்கள். தமிழ்ப் பதிப்புலகில் விற்பனை விலையில் பத்து விழுக்காடு உரிமத்தொகை என்பது பரவலான வழக்கம்; அது படி விற்ற கணக்கிலா, அச்சிட்ட கணக்கிலா என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிராத பட்சத்தில் அது காலாவதியாகும். இந்த நூலைப் பொறுத்தவரை நான் வற்புறுத்துவது வேறொரு விதி: சட்டமோ கட்டணமோ மாறும்போது திருத்தம் தருவது ஆசிரியரின் பொறுப்பு, குறித்த காலத்துக்குள் அத்திருத்தத்தோடு மறு அச்சு கொண்டுவருவது பதிப்பாளரின் பொறுப்பு, தவறினால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும். வழக்கமான ஒப்பந்தப் படிவங்களில் இது இருப்பதில்லை, கேட்டால்தான் சேர்ப்பார்கள். ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப் பின் அறுபது ஆண்டும் நீடிக்கும் பதிப்புரிமையை மொத்தமாக ஒரு தொகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், பழைய கட்டண விகிதத்தோடு உங்கள் பெயரில் நூல் விற்றுக்கொண்டிருப்பதைத் தடுக்க உங்களிடம் ஒன்றும் இராது.

பணம் கட்டினால் வெளியிடுகிறோம் என்ற நிறுவனத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். பணம் கொடுப்பது நீங்கள் என்றால் வெளியீட்டாளரும் நீங்கள்தான். அவர்கள் சேவை தருபவர்கள். அதில் இழிவு ஏதுமில்லை, இப்படிப்பட்ட கையேட்டுக்கு அதுவே பொருத்தமாகவும் இருக்கலாம். ஆனால் பதிப்பகத்தின் முகத்தோடு வந்து சேவைக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு, உரிமையையும் எடுத்துக்கொள்வது ஏற்கத்தக்கதல்ல. பிழைதிருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டை, அச்சு ஆகியவற்றுக்குத் தனித்தனியே விலை கேளுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வடிவமைத்த கோப்பு, அதில் பயன்படுத்திய எழுத்துருவின் பெயர், அச்சுக்குச் சென்ற பிடிஎஃப் ஆகிய மூன்றையும் உங்களிடம் ஒப்படைப்பதாக எழுதி வாங்குங்கள். கோப்பு அவர்களிடமே இருந்தால், ஓர் எண்ணைத் திருத்தவும் அடுத்த முறை அவர்களிடமே போய் நிற்க வேண்டிவரும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பின்னால் மின்னூலாக மாற்றும்போது ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்து உடையும்.

எத்தனை படி அச்சிடுவது? ஆயிரம் படி அடித்தால் ஒரு படிக்கான செலவு குறையும் என்று அச்சகத்தார் சொல்வது உண்மைதான். விற்காத அறுநூறு படி வீட்டுப் பரணில் இருக்கும்போது கட்டணம் மாறிவிட்டால் அந்தச் சிக்கனத்துக்குப் பொருளில்லை. தேவைக்கேற்ப அச்சிடும் முறை இன்று சென்னையிலேயே எளிதாகக் கிடைக்கிறது. இருநூறு, முந்நூறு படிகளோடு தொடங்குங்கள். அப்படி அச்சிட்டால் பாரக் கணக்கும் பெரிதல்ல, கோப்பை மாற்றிக் கொடுத்தால் போதும். கைக்கு அடக்கமாக, விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாமல் நிற்கும் கட்டமைப்பு இவ்வகை நூலுக்கு அழகான அட்டையைவிட முக்கியம். களத்தில் இரு சக்கர வண்டியின் இருக்கை மேல் வைத்துப் பார்க்கப்படும் நூல் இது. கடைசியில் சொல்லடைவு கட்டாயம் வேண்டும்.

நீங்களே வெளியீட்டாளர் என்றால் இரண்டு வேலைகள். நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய முகமை இணையவழியே கட்டணமின்றித் தருகிறது. தனிநபர் ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம். இதற்கென்று யாரும் உங்களிடம் தொகை கேட்டால் அது அவர்களுடைய கூலியே தவிர அரசுக் கட்டணமன்று. எண் உங்கள் பெயரில் வாங்கப்படுகிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது, 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, நூல் வெளிவந்த முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமரா நூலகம் உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் தலா ஒரு படியை உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். அனுப்பியதற்கான சான்றைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனையில் புத்தகக் காட்சியை அதிகம் நம்ப வேண்டாம். சனவரியில் நந்தனத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வருகிறவர் பல்லாயிரம் நூல்களுக்கு நடுவே இதைத் தேடி வருவதில்லை. உங்கள் வாசகர் சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருக்கிறார். ஆவண எழுத்தர் மேசையிலும் முத்திரைத்தாள் விற்பவர் கடையிலும் பக்கத்து நகலகத்திலும் ஐந்தைந்து படி கொடுத்து வையுங்கள். சென்னை பாரிமுனைப் பக்கமுள்ள சட்டப் புத்தகக் கடைகள், தரகர்களின் வாட்ஸ்அப் குழுக்கள், புதிய விற்பனை ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் கட்டுமான நிறுவனங்கள் ஆகியவை அடுத்தவை. நிறுவனம் மொத்தமாக ஐம்பது படி கேட்டால் தள்ளுபடி கொடுக்கலாம். ஆனால் நூலின் உள்ளே அவர்களுடைய விளம்பரத்தைச் சேர்க்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஒரு மேம்பாட்டாளரின் பெயர் உள்ளே வந்த பிறகு மற்றவரின் ஊழியர் அந்த நூலை நம்பிப் படிக்க மாட்டார்.

வருமானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்தாளர்களின் உரிமத்தொகைக்கு வருமான வரிச் சட்டத்தின் ஒரு பிரிவில் மூன்று லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அந்தப் பிரிவு இலக்கிய, கலை, அறிவியல் நூல்களுக்கானது. வழிகாட்டி நூல்களையும் விளக்கவுரைகளையும் அது வெளிப்படையாகவே விலக்குகிறது. உங்கள் கையேடு அந்த விலக்குக்குள் போய்விட வாய்ப்பு மிகுதி என்பதால், கணக்கரிடம் கேட்காமல் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

முதல் பதிப்பு வெளிவந்த அன்றே ஒரு படியை உங்களுக்கென ஒதுக்கி, அதன் ஓரங்களில் வாசகர் சுட்டிய பிழைகளையும் புதிய அரசாணைகளையும் தேதியோடு குறித்து வாருங்கள். அடுத்த முறை அச்சுக்குப் போகும்போது அந்தப் படியே உங்கள் மூலம். மாற்றமின்றி, அல்லது சில எழுத்துப் பிழைகளை மட்டும் நீக்கி அடித்தால் அது மறு அச்சு. பழைய ஐஎஸ்பிஎன் எண்ணே போதும். பின்னிணைப்பு முழுவதும் மாறி, அத்தியாயங்களிலும் கணிசமாகக் கை வைத்திருந்தால் அது திருத்திய பதிப்பு. புது எண் வாங்கி, பதிப்புப் பக்கத்தில் மாதமும் ஆண்டும் போட்டு, முன்னட்டையிலேயே எத்தனையாம் பதிப்பு என்று அச்சிட வேண்டும். மின்னூல் கொண்டுவந்தால் அதற்கும் தனி எண் வேண்டும்.